ஃப்ரீபிஎஸ்டியில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவது எப்படி? விர்ச்சுவல்பாக்ஸ் ஏன் முரண்டு பிடிக்கிறது?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் இருக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை பேக்கேஜாக நிறுவினீர்கள். ஜன்னல் திறக்கிறது, ஆனால் மெஷினைத் தொடங்கினால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் ஏறவில்லை என்கிறது. மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தால் கணினியே உறைந்து மறுபடி பூட் ஆகிறது. ஒரு டெபியன், ஒரு விண்டோஸ், இரண்டும் வைஃபை வழியாக இணையத்தைத் தொட வேண்டும். இதற்காக லினக்ஸுக்கே திரும்ப வேண்டுமா, கியூஇஎம்யூ என்ற இன்னொரு மெய்நிகராக்கி உதவுமா என்று கேட்கிறீர்கள். கேள்வியில் விர்ச்சுவல்பாக்ஸ் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: இந்த இயங்குதளத்துக்கு இயல்பான மெய்நிகராக்கம் எது, அது உங்கள் வேலைக்குப் போதுமா? திரும்ப வேண்டியதில்லை. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸில் பழகிய சில வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எவை என்பதைக் கீழே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புக்கு ஏற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளையே தட்டுங்கள்.

முதலில் உறைந்ததற்கான காரணம். விர்ச்சுவல்பாக்ஸின் உயிர் விபாக்ஸ்டிஆர்வி என்ற கர்னல் மாட்யூலில் (கர்னலில் ஏற்றப்படும் துண்டு நிரல்) இருக்கிறது. கர்னல் மாட்யூல் எந்தக் கர்னலுக்காகக் கட்டப்பட்டதோ அதனுடன்தான் ஒத்துப்போகும். ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு கிளைக்கான பேக்கேஜ்கள், அந்தக் கிளையில் இன்னும் ஆதரவில் உள்ள மிகப் பழைய பதிப்பின்மேல் கட்டப்படுவதே வழக்கம். 14.2 வெளிவந்த பிறகும் 14.1-இன் ஆதரவு முடியும்வரை பேக்கேஜ்கள் 14.1-இல் கட்டப்பட்டவையாகவே இருந்தன. சாதாரண நிரல்களுக்கு இது பிரச்சினையே இல்லை. மாட்யூலுக்கோ இது உயிர்ப் பிரச்சினை: அதிர்ஷ்டம் இருந்தால் ‘சிம்பல் இல்லை’ என்று ஏற மறுக்கும், இல்லாவிட்டால் ஏறி, தவறான இடத்தில் நினைவகத்தைத் தொட்டு, கர்னலைக் கவிழ்க்கும். உங்களுக்கு இரண்டாவது வகை நேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கிராஷ் டம்ப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் விவரித்த அறிகுறிகள் அச்சாக இதுதான்.

விர்ச்சுவல்பாக்ஸேதான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. உங்கள் கர்னல் பதிப்புக்குச் சரியாகப் பொருந்தும் மூலநிரலை /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி-இல் வைத்து, கேமாட் (கர்னல் மாட்யூல்) பகுதியை மட்டும் போர்ட்ஸிலிருந்து (மூலநிரலிலிருந்து கட்டுவதற்கான தொகுப்பு) கட்டி நிறுவுங்கள். லோடர்.கான்ஃப் கோப்பில் விபாக்ஸ்டிஆர்வி ஏறச் சொல்லுங்கள், ஆர்சி.கான்ஃப் கோப்பில் விபாக்ஸ்நெட்டை இயக்குங்கள், உங்கள் பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேருங்கள், மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடும். ஒவ்வொரு முறை கர்னல் பதிப்பு மாறும்போதும் இதையே மறுபடி செய்ய வேண்டும். ஆரக்கிள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக் ஃப்ரீபிஎஸ்டி ஹோஸ்டுக்கு (மெஷின்களை ஓட்டும் கணினிக்கு) கிடையாது. இங்கே விர்ச்சுவல்பாக்ஸ் வாடகைக் குடியிருப்பு மாதிரி. சொந்த வீடு பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சொந்த வீட்டின் பெயர் பீஹைவ். தேன்கூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்புதான், எழுதும்போது பி, எச், ஒய், வி, இ. நெட்ஆப் நிறுவனத்தில் பீட்டர் கிரஹானும் நீல் நாட்டுவும் தொடங்கிய வேலை இது. 2014 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10.0 முதல் அடிப்படை அமைப்பின் பகுதி. இதன் கர்னல் பாதியான விஎம்எம் மாட்யூல், கர்னலோடு சேர்ந்தே கட்டப்பட்டு, கர்னலோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது. மேலே சொன்ன பொருந்தாமைக்கு இதில் இடமே இல்லை. மறு பாதி ஒரு சாதாரண நிரல்: ஒரு கெஸ்ட் (உள்ளே ஓடும் மெஷின்) என்றால் ஒரு புராசஸ், டாப் கட்டளையில் பெயரோடு தெரியும்.

ஆனால் பீஹைவ் வன்பொருளில் கறார். மென்பொருளால் ஈடுகட்டிப் பாசாங்கு செய்யாது. இன்டெல் செயலியில் விடி-எக்ஸ் இருந்தால் மட்டும் போதாது, இபிடி என்ற நினைவகப் பக்க அட்டவணை வசதியும் வேண்டும். யூஇஎஃப்ஐ என்ற தொடக்க ஃபர்ம்வேர் மூலம் கெஸ்டைத் தொடங்க யூஜி என்ற வசதியும் தேவை. /வார்/ரன்/டிமெசேஜ்.பூட் கோப்பில் விடி-எக்ஸ் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் இபிடி, யூஜி இரண்டும் இருக்க வேண்டும். கோர் 2 காலத்துச் செயலிகளில் விடி-எக்ஸ் உண்டு, இபிடி கிடையாது. அவற்றில் முயற்சி வீண். ஏஎம்டி என்றால் எஸ்விஎம் வரியில் என்பி என்பதைப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் பயாஸில் மெய்நிகராக்கம் அணைக்கப்பட்டிருக்கலாம், அங்கே போய் இயக்கிவிட்டு வாருங்கள். இன்னொன்று: விபாக்ஸ்டிஆர்வியும் விஎம்எம்மும் செயலியின் ஒரே வசதிக்குப் போட்டியிடுபவை. சோதனைக்கு முன் விர்ச்சுவல்பாக்ஸ் வரிகளை லோடர்.கான்ஃப், ஆர்சி.கான்ஃப் இரண்டிலிருந்தும் நீக்கி மறுதொடக்கம் செய்துவிடுங்கள். பிறகு கேஎல்டிலோட் விஎம்எம் என்று கொடுத்துப் பாருங்கள். பிழை எதுவும் வராவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பீஹைவை நேரடியாக அழைப்பது நீண்ட கட்டளை: ஒவ்வொரு கருவிக்கும் பிசிஐ இட எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். ஒரு முறை அப்படிச் செய்து பார்ப்பது உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நல்லது, தினமும் செய்ய அல்ல. விஎம்-பீஹைவ் என்ற ஷெல் நிரல் அதைச் சுருக்கிவிடும். பிகேஜி மூலம் விஎம்-பீஹைவ், பீஹைவ்-ஃபர்ம்வேர் இரண்டையும் நிறுவுங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் இசட்ரூட்/விஎம் என்று ஒரு டேட்டாசெட் (அதற்குள் ஒரு தனிப் பகுதி) உருவாக்குங்கள். ஆர்சி.கான்ஃப் கோப்பில் விஎம்_எனேபிள் மதிப்பை யெஸ் ஆகவும், விஎம்_டிர் மதிப்பை இசட்எஃப்எஸ்:இசட்ரூட்/விஎம் ஆகவும் வையுங்கள். பிறகு விஎம் இனிட். /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/எக்ஸாம்பிள்ஸ்/விஎம்-பீஹைவ் கோப்பகத்தில் உள்ள மாதிரிகளை டேட்டாசெட்டுக்குள் இருக்கும் .டெம்ப்ளேட்ஸ் கோப்பகத்துக்கு நகலெடுங்கள். டேட்டாசெட் எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நகலைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு ‘டெம்ப்ளேட் இல்லை’ என்ற பிழையோடு குழம்புவது சாதாரணம்.

அடுத்தது வலையமைப்பு. வைஃபைக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் ஒரு பிரிட்ஜ் (இடைமுகங்களை இணைக்கும் மெய்நிகர் பாலம்) உருவாக்கி, அதில் கெஸ்டின் டேப் என்ற மெய்நிகர் இடைமுகத்தையும் கணினியின் ஈத்தர்நெட் இடைமுகத்தையும் சேர்க்கச் சொல்லும். கம்பி இணைப்புக்கு அது சரி. வைஃபையில் அது வேலை செய்யாது, அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் செய்யாது. அணுகல் முனையில் பதிவு செய்துகொண்டது உங்கள் வைஃபை அட்டையின் மேக் முகவரி (வன்பொருள் அடையாள எண்) ஒன்றுதான். கெஸ்டின் மேக் முகவரியோடு போகும் ஃப்ரேமை அது ஏற்காது. கெஸ்ட் டிஎச்சிபி மூலம் ஐபி முகவரி கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. அறிகுறி அவ்வளவுதான், பிழைச் செய்தி எதுவும் இருக்காது.

ஆகவே உங்களுக்கு நேட் வேண்டும், அதாவது கெஸ்டின் பாக்கெட்டுகள் ஹோஸ்டின் முகவரியோடு வெளியே போக வேண்டும். விஎம் ஸ்விட்ச் கிரியேட் கட்டளையில் -ஏ விருப்பத்தோடு 10.10.10.1/24 என்ற முகவரியைக் கொடுத்து, பப்ளிக் என்ற பெயரில் ஒரு ஸ்விட்ச் உருவாக்குங்கள். மாதிரி டெம்ப்ளேட்டுகள் அந்தப் பெயரையே எதிர்பார்க்கின்றன. இதில் வைஃபை இடைமுகத்தைச் சேர்க்காதீர்கள். ஆர்சி.கான்ஃப் கோப்பில் கேட்வே_எனேபிள், பிஎஃப்_எனேபிள் இரண்டையும் யெஸ் ஆக்குங்கள். ஃபயர்வாலான பிஎஃபின் பிஎஃப்.கான்ஃப் கோப்பில் ஒரே ஒரு நேட் வரி போதும்: 10.10.10.0/24-இலிருந்து டபிள்யூலான்0 என்ற வைஃபை இடைமுகம் வழியாக வெளியேறும் பாக்கெட்டுகளுக்கு டபிள்யூலான்0-இன் முகவரியைப் போடு என்று. வரியின் கடைசியில் டபிள்யூலான்0 என்ற பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். வைஃபை முகவரி மாறும்போது விதியும் தானாக மாறிக்கொள்ளும். ஓபன்பிஎஸ்டி வழிகாட்டியிலிருந்து வரியை எடுத்து ஒட்டாதீர்கள். அங்கே நேட்-டு என்ற புதிய எழுத்துமுறை, ஃப்ரீபிஎஸ்டி 14-இன் பிஎஃப் பழைய முறையில் தனி நேட் வரியை எதிர்பார்க்கிறது. டிஎச்சிபி வேண்டுமென்றால் டிஎன்எஸ்மாஸ்க் நிறுவலாம். இரண்டே கெஸ்டுகளுக்கு அது அதிகம், கெஸ்டுக்குள் 10.10.10.2, 10.10.10.3 என்று கையால் கொடுத்து, கேட்வேயை 10.10.10.1 என்று வைத்தால் போதும்.

இணையம் வரவில்லை என்றால் படிப்படியாகப் பாருங்கள். கெஸ்டிலிருந்து 10.10.10.1-க்கு பிங் போகிறதா? போகாவிட்டால் சிக்கல் ஸ்விட்சில். அது போய், வெளியே ஒரு எண் முகவரிக்குப் போகாவிட்டால் சிக்கல் ஃபார்வர்டிங்கிலோ பிஎஃபிலோ. எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகாவிட்டால் டிஎன்எஸ் மட்டும்தான் பாக்கி. பின்னால் கம்பி இணைப்புக்கு மாறி பிரிட்ஜ் போட்டால், ஹோஸ்டின் ஐபி முகவரியை ஈத்தர்நெட் இடைமுகத்தில் விடாமல் பிரிட்ஜின்மேல் வையுங்கள். 14-இல் இது நல்ல பழக்கம். 15-இல் இயல்பு அமைப்பே அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

இனி டெபியன். மாதிரி டெம்ப்ளேட் க்ரப் என்ற ஏற்றியை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) பயன்படுத்துகிறது, அது பழைய வழி. கோப்பைத் திறந்து லோடர் மதிப்பை யூஇஎஃப்ஐ என்று மாற்றுங்கள். கிராஃபிக்ஸ், எக்ஸ்எச்சிஐ_மவுஸ், யூஇஎஃப்ஐ_வார்ஸ் மூன்றையும் யெஸ் ஆக்குங்கள். நினைவகம் 2 ஜிபி, செயலி 2 போதும். விஎம் கிரியேட் மூலம் 20 ஜிபி டிஸ்கோடு மெஷினை உருவாக்கி, விஎம் ஐஎஸ்ஓ மூலம் நிறுவல் படிமத்தை இறக்கி, விஎம் இன்ஸ்டால் கொடுங்கள். மெஷின் உறைந்து நிற்பதுபோலத் தெரியும். உறையவில்லை: நிறுவலின்போது விஎன்சி (தொலைத் திரை) இணைப்பு வரும்வரை அது காத்திருக்கும். விஎம் லிஸ்ட் காட்டும் போர்ட்டில், முதல் மெஷினுக்குப் பொதுவாக 5900, விஎன்சி வியூவரால் இணையுங்கள்.

நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தால் டெபியனுக்குப் பதில் யூஇஎஃப்ஐ ஷெல் வந்து நிற்பது இன்னொரு புகழ்பெற்ற பொறி. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவுகிறார்கள், மறுபடி அதுவே வருகிறது. நடப்பது இது: டெபியன் தன் ஏற்றியை இஎஃப்ஐ பகிர்வில் டெபியன் என்ற கோப்பகத்தில் வைத்து, ‘அங்கிருந்து தொடங்கு’ என்று ஃபர்ம்வேரின் மாறியில் குறித்துவைக்கிறது. யூஇஎஃப்ஐ_வார்ஸ் இல்லாமல் ஓடும் பீஹைவ் ஃபர்ம்வேர் அந்தக் குறிப்பை அடுத்த முறைக்கு நினைவில் வைப்பதில்லை. இஎஃப்ஐ/பூட் கோப்பகத்தில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பை மட்டும் தேடி, கிடைக்காமல் ஷெல்லில் விழுகிறது. யூஇஎஃப்ஐ_வார்ஸ் போட்டிருந்தால் இது வராது. வந்துவிட்டால் ஷெல்லில் எஃப்எஸ்0: என்று தட்டி, இஎஃப்ஐ-க்குள் டெபியன் கோப்பகத்துக்குப் போய், க்ரப்எக்ஸ்64-ஐக் கையால் ஓட்டுங்கள். உள்ளே நுழைந்ததும் க்ரப்பை ‘நீக்கக்கூடிய ஊடகப் பாதை’யிலும் நிறுவச் சொல்லிவிடுங்கள். டெபியன் நிறுவியின் நிபுணர் முறையிலேயே இந்தக் கேள்வி வரும். அதற்கு ஆம் சொல்வது மாறிகளை நம்புவதைவிடப் பாதுகாப்பானது, டிஸ்கை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தினாலும் பூட் ஆகும்.

விண்டோஸுக்கான மாதிரி டெம்ப்ளேட் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, அதைப் பெரிதாக மாற்ற வேண்டாம். டிஸ்க் வகை ஏஎச்சிஐ, வலையட்டை இ1000. இரண்டுக்கும் விண்டோஸிலேயே டிரைவர் உண்டு. விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் கருவி வகை வேகமானது, ஆனால் அதன் டிரைவரை முன்பே ஏற்றாமல் டிஸ்கை விர்ட்ஐஓவாகக் கொடுத்தால் நிறுவி ‘டிஸ்க் எதுவும் இல்லை’ என்று சொல்லிவிடும். முதலில் இப்படி நிறுவிவிட்டு, விர்ட்ஐஓ டிரைவர் படிமத்தை உள்ளே இணைத்து, வலையட்டையை மட்டும் பிறகு மாற்றுங்கள். பலன் அதில்தான் கூடுதலாகத் தெரியும். யூடிசிடைம் மதிப்பு நோ என்று இருப்பதை அப்படியே விடுங்கள், விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எதிர்பார்க்கிறது. ஏஎச்சிஐ_டிவைஸ்_லிமிட் 8 என்ற வரியையும் அழிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பின்னால் இன்னொரு டிஸ்க் சேர்க்கும்போது வலையட்டையின் பிசிஐ இடம் நகர்ந்து, விண்டோஸ் அதைப் புது அட்டையாக நினைத்து, நீங்கள் கொடுத்த ஐபி முகவரியை மறந்துவிடும். டிஸ்க் இசட்வாலாக (இசட்எஃப்எஸ் தரும் மெய்நிகர் டிஸ்க்) இருந்தால் டிஸ்க்0_ஆப்ட்ஸ் மதிப்பில் செக்டர்சைஸ்=512 என்று சேருங்கள். டிவிடியிலிருந்து தொடங்க ஒரு விசையை அழுத்தச் சொல்லும் சில நொடிகளைத் தவறவிடாதீர்கள். விஎன்சிக்காக மெஷின் காத்திருக்கும் ஏற்பாட்டின் அருமை இங்கேதான் புரியும்.

விண்டோஸ் 10 எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும். ஃப்ரீபிஎஸ்டி 14 பீஹைவ், ஹோஸ்டின் டிபிஎம் சில்லை கெஸ்டிடம் ஒப்படைக்க வல்லது, ஆனால் அது உங்கள் மடிக்கணினியில் அந்தச் சில்லை ஃப்ரீபிஎஸ்டி அடையாளம் காண்கிறதா என்பதைப் பொறுத்தது. /டெவ்/டிபிஎம்0 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நினைவகம் பற்றி ஒரு எச்சரிக்கை. இசட்எஃப்எஸ் தன் ஏஆர்சி தற்காலிகச் சேமிப்புக்கு ராமின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பித் தரும், ஆனால் கெஸ்ட் ஒரே மூச்சில் 4 ஜிபி கேட்கும்போது போதிய வேகத்தில் தராது. ஹோஸ்ட் ஸ்வாப்பில் இறங்கி, உலாவி மூச்சுத் திணறும். 16 ஜிபி இயந்திரம் என்றால் விண்டோஸுக்கு 4, டெபியனுக்கு 2, ஏஆர்சி உச்சம் 4, மீதி ஹோஸ்டின் டெஸ்க்டாப்புக்கு என்று பிரிப்பது நியாயம். விஎஃப்எஸ்.இசட்எஃப்எஸ்.ஏஆர்சி_மேக்ஸ் மதிப்பை லோடர்.கான்ஃப் கோப்பில் பைட் கணக்கில் 4294967296 என்று கொடுங்கள். 8 ஜிபிதான் என்றால் இரண்டு கெஸ்டையும் ஒரே நேரத்தில் ஓட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பீஹைவை நேரடியாக ஓட்டும்போது -எச் விருப்பத்தை மறந்தால், கெஸ்ட் சும்மா இருக்கும்போதும் ஒரு செயலிக் கரு முழுவதுமாக எரிந்துகொண்டிருக்கும். விஎம்-பீஹைவ் அதைத் தானே சேர்த்துவிடுகிறது.

இப்போது விட்டுக்கொடுக்க வேண்டியவை. திரை என்பது விஎன்சிதான்: முப்பரிமாண முடுக்கம் இல்லை, ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் இடையே தானியங்கி கிளிப்போர்டு இல்லை, ஜன்னலை இழுத்தால் தெளிவுத்திறன் மாறாது. விண்டோஸுக்கு இதற்கான மாற்று, நிறுவிய கையோடு உள்ளேயே ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கி, ஹோஸ்டிலிருந்து ஃப்ரீஆர்டிபி மூலம் இணைவது. கிளிப்போர்டும் ஒலியும் அதன் வழியே வந்துவிடும். ஹோம் பதிப்பு இப்படி வரும் இணைப்பை ஏற்காது என்பதை முன்பே கவனித்துக்கொள்ளுங்கள். டெபியனுக்கு எஸ்எஸ்எச்சே போதும். விஎன்சி குறியாக்கம் இல்லாதது, ஆகவே கிராஃபிக்ஸ்_லிசன் மதிப்பை 127.0.0.1 என்று வையுங்கள், பொது வைஃபையில் இது முக்கியம். ஓடும் கெஸ்டை அப்படியே உறையவைத்துப் பின்னர் தொடரும் வசதி சோதனை நிலையில், கர்னலைத் தனியாகக் கட்டினால் மட்டும் கிடைப்பது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள். மடிக்கணினியை மூடும் முன் கெஸ்டுகளை அணைத்துவிடுங்கள். டிஸ்க் ஸ்னாப்ஷாட்டுக்கு இசட்எஃப்எஸ் இருப்பது பெரிய வரம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட், மின்சாரம் திடீரென்று போன கணினியின் டிஸ்கைப் போன்றது. முக்கியமான வேலைக்கு முன் கெஸ்டை அணைத்துவிட்டு எடுங்கள்.

பிசிஐ கருவியைக் கெஸ்டுக்கு முழுமையாகக் கொடுப்பது முடியும், யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லு, வலையட்டை போன்றவற்றில் நன்றாகவே நடக்கிறது. கிராஃபிக்ஸ் அட்டையை அப்படிக் கொடுப்பது வேறு கதை. அட்டைக்கு அட்டை முடிவு மாறும், ஒரே திரை கொண்ட மடிக்கணினியில் முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

கியூஇஎம்யூ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அது ஓடும், ஆனால் லினக்ஸில் உள்ள கேவிஎம் முடுக்கி இங்கே இல்லாததால் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்க்கும். விண்டோஸ் ஆமை வேகத்தில் நகரும். ஆர்ம் போன்ற வேறு கட்டமைப்பைச் சோதிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பிஎஸ்டிகளுக்குத் தாவும் எண்ணமிருந்தால்: நெட்பிஎஸ்டி 9.0 முதல் என்விஎம்எம் என்ற முடுக்கி உண்டு, கியூஇஎம்யூ அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஓபன்பிஎஸ்டியின் விஎம்டி எளிமையானது, சுத்தமானது. ஆனால் சீரியல் கன்சோல் மட்டும்தான், திரை கிடையாது, எனவே விண்டோஸ் நிறுவ வழியில்லை.

கடைசியாக, மெஷின் தொடங்க மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் கோப்பகத்தில் உள்ள விஎம்-பீஹைவ்.லாக். பீஹைவ் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும்: 0 என்றால் கெஸ்ட் மறுதொடக்கம் கேட்டது, 1 என்றால் தானே அணைந்தது, 2 என்றால் நின்றுவிட்டது, 3 என்றால் ட்ரிபிள் ஃபால்ட் (செயலி மீள முடியாத பிழை), 4 என்றால் பிழை. நிறுவும்போதே 4 வந்தால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை அல்லது அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை. டீபக் மதிப்பை யெஸ் ஆக்கினால் காரணம் பீஹைவ்.லாக் கோப்பில் விழும். கெஸ்ட் இறந்த பிறகும் /டெவ்/விஎம்எம் கோப்பகத்தில் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் பீஹைவ்சிடிஎல் கட்டளையின் டிஸ்ட்ராய் விருப்பம் அதைத் துடைத்துவிடும், டிஸ்க் அப்படியே இருக்கும். விஎம் கட்டளையிலும் டிஸ்ட்ராய் என்று ஒன்று உண்டு. அது மெஷினை அதன் டிஸ்கோடு சேர்த்து அழித்துவிடும். பிடிவாதமான கெஸ்டின் மின்சாரத்தைப் பிடுங்க நினைத்தால் நீங்கள் தட்ட வேண்டியது விஎம் பவர்ஆஃப்.